“டேம் மீனா?” என்று கேட்டுவிட்டுப் போனவர்களுக்கு

தென்பெண்ணைத் தண்ணீருக்குப் பொறுப்பான அதிகாரிகள் எல்லாருக்கும் வணக்கம்.

ஜூன் 8-ஆம் தேதி, உலகப் பெருங்கடல் நாள் என்று பேனர் கட்டி, கிருஷ்ணகிரி அணைப் பூங்காவில் பள்ளிப் பிள்ளைகளை உட்காரவைத்துக் கூட்டம் நடத்தினீர்கள். கடலைக் காப்போம் என்று உறுதிமொழி சொல்லவைத்தீர்கள். நல்ல காரியம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கூட்டம் முடிந்ததும் உங்களில் நாலைந்து பேர் என் கடைக்கு வந்தீர்கள். மசாலா தடவி அடுக்கியிருந்த மீனைப் பார்த்து ஒருவர் கேட்டார்: “இது டேம் மீனா?” ஆமாம் சார், விடியற்காலையில் பிடித்தது என்றேன். “அப்ப வேண்டாம்மா, வஞ்சிரம், சங்கரா ஏதாவது இருக்கா?” என்றார். இல்லை என்றதும் டீ மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் நீங்கள். அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் நீங்கள். நீங்களே வேண்டாம் என்றால் எங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை எங்களுக்கும் சொல்லுங்கள். அணைத் தண்ணீரைச் சோதித்த முடிவை மாதாமாதம், தமிழில், அணைக்கரையிலேயே எழுதிப் போடுங்கள். நான் கேட்பது இது ஒன்றுதான்.

என் வீட்டுக்காரர் பரிசலில் போய் வலை விடுகிறவர். நான் 22 வருஷமாக இங்கே மீன் வறுத்து விற்கிறேன். ஆரம்பத்தில் சேலம், பெங்களூர் என்று எங்கிருந்தோ குடும்பத்தோடு வருகிறவர்கள் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள். “டேம் மீனா?” ஆமாம் என்றால் போதும், அரைக் கிலோ கேட்க வந்தவர் ஒரு கிலோ சொல்வார். சிலர் செவுளைத் தூக்கிப் பார்த்துச் சிவப்பாக இருக்கிறதென்று தலையாட்டுவார்கள். இன்றைக்கும் அதே கேள்விதான் கேட்கிறார்கள். ஆமாம் என்றால் முகம் மாறிவிடுகிறது. பாட்டி கைநீட்டிய ரோகு மீனை, “நுரை வர்ற தண்ணி மீனும்மா” என்று மகன் தடுத்து அழைத்துப் போனதைப் போன மாதம் பார்த்தேன். பக்கத்துக் கடைகளில் பாதிப் பேர் ஆந்திராவிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் மீனுக்கு மாறிவிட்டார்கள். “நீயும் ஆந்திரா மீன்னு சொல்லி வித்துடுக்கா” என்கிறார்கள். எப்படிச் சொல்வேன்? கடைக்குப் பின்னால் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருக்கிற மனுஷன் காதில் அது விழுமே.

எங்கள் மீன் கெட்டது என்று நான் சொல்லவில்லை. நல்லது என்று அடித்துச் சொல்ல என் கையில் ஒரு காகிதம்கூட இல்லை, அதைத்தான் சொல்கிறேன்.

பெங்களூரின் கழிவுநீர் ஏரிகளில் நிறைந்து எப்படித் தென்பெண்ணையில் இறங்குகிறது, எங்களுக்கு மேலே இதே ஆற்றில் இருக்கிற ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் ஷட்டரைத் தூக்கினால் ஏன் நுரை மலைமாதிரி எழுகிறது என்பதெல்லாம் நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. நுரை பொங்கினால் பேப்பரில் படம் வரும், நீங்களும் ஜீப்பில் வருவீர்கள். நுரை அடங்கினால் பேச்சும் அடங்கிவிடும். ஆனால் நுரையைக் கிளப்பிய சோப்புத் தண்ணீரும் சாக்கடையும் எங்கேயும் போய்விடவில்லை. அது தண்ணீரோடு தண்ணீராக எங்களிடம்தான் வருகிறது.

போன வருஷம் ஒரு விடிகாலையில் மீனெல்லாம் மேலே வந்து, வாயை நீட்டி நீட்டி மூடிக்கொண்டிருந்தது. எட்டு மணிக்குள் கரையோரம் பூராவும் ஜிலேபி மீனும் குஞ்சுக் கெண்டையும் வெள்ளையாக மிதந்தன. கழிவு மட்கும்போது தண்ணீரில் இருக்கிற ஆக்ஸிஜனைத் தின்றுவிடும், ராத்திரியில் பாசியும் சேர்ந்து இழுத்துக்கொள்ளும், அதனால்தான் விடியும் நேரத்தில் மீனுக்கு மூச்சு முட்டுகிறது என்று விலங்கியல் படிக்கிற என் மகள் சொன்னாள். வலையை மூன்று தடவை அலசியும் அந்த நாற்றம் போகவில்லை. உங்கள் ஆள் ஒருவர் வந்து இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்தார், சீட்டு ஒட்டினார், என் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கினார். “ரிசல்ட் வரும்” என்றார். இன்றுவரை வரவில்லை.

மூன்று தடவை அலைந்தோம். அணை ஒரு துறையுடையது, மீன் இன்னொரு துறையுடையது, தண்ணீரைச் சோதிப்பது வேறொரு துறை, சாக்கடை அடுத்த மாநிலத்துடையது என்றார்கள். செத்த மீன் மட்டும்தான் எங்களுடையது என்று ஆகிவிட்டது.

கடலைப் பற்றிப் பேசினீர்கள் அல்லவா, நானும் பேசுகிறேன். எங்கள் அணையைத் தாண்டும் தண்ணீர் காவேரிப்பட்டணம், இருமத்தூர், அனுமன்தீர்த்தம், சாத்தனூர், திருக்கோவிலூர் என்று போய்க் கடலூர் தாழங்குடா பக்கம் கடலில் விழுகிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரை மூழ்கி, சாத்தனூர் திறந்து, கடலூர் வரைக்கும் வெள்ளம் போனதை நாடே பார்த்தது. வெள்ளத்துக்குப் போகத் தெரிந்த வழி சாக்கடைக்குத் தெரியாதா? ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில்தான் மடவைக் குஞ்சும் இறால் குஞ்சும் வளர்கின்றன. நீங்கள் வஞ்சிரம் கேட்ட ஜூன் 8, தடைக்காலம். மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலூர்க்காரர்கள் விசைப்படகைக் கரையேற்றி வருமானமில்லாமல் கிடக்கிறார்கள். அந்த 61 நாளும் ஆறு சாக்கடையைக் கடலுக்குக் கொண்டுபோய்க்கொண்டேதான் இருக்கிறது. அதற்கு ஒரு நாள் தடைகூடக் கிடையாது.

நாங்கள் எங்களால் ஆனதைச் செய்கிறோம். குஞ்சு மீனையும் வாரிவிடுகிற பொடிக்கண்ணி வலை விடுவதில்லை என்று மீனவர் சொசைட்டியில் பேசி வைத்திருக்கிறோம். என் கடையில் பிளாஸ்டிக் தட்டை நிறுத்தி வாழையிலைக்கு மாறி நாலு வருஷமாகிறது. கடலைக் காக்க ஐ.நா. சபை வைத்த 14-ஆவது இலக்கில், நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் மாசைப் பெருமளவு குறைக்க 2025 வரைதான் கெடு என்று மகள் படித்துக் காட்டினாள். அந்தக் கெடு முடிந்துபோயிற்று. பிள்ளைகளிடம் உறுதிமொழி வாங்கினீர்களே, உங்கள் உறுதிமொழியை யாரிடம் சொல்வீர்கள்?

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. மீன் வளரும் தண்ணீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் அளவு இருக்கிறது: கரைந்த ஆக்ஸிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 6.5 முதல் 8.5-க்குள் இருக்க வேண்டும், தனி அம்மோனியா (ஃப்ரீ அம்மோனியா) லிட்டருக்கு 1.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. எங்கள் அணையில் இந்த மூன்றும் எவ்வளவு? அதை மட்டும் எழுதிப் போடுங்கள். எங்கோ கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறோம் என்று சொல்லாதீர்கள். பரிசலிலிருந்து இறங்குகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் வேண்டும். நல்லதாக இருந்தால் நான் தலைநிமிர்ந்து “டேம் மீன்தான்” என்று சொல்லி விற்பேன். மோசமாக இருந்தால் அன்றைக்கு அடுப்பைப் பற்றவைக்க மாட்டேன். எதுவானாலும் உண்மை தெரிந்தாக வேண்டும்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பலகை வைக்க இடமில்லை என்றால் என் கடையின் தெற்குச் சுவரைத் தருகிறேன், ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரியும். சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன். அடுத்த தடவை தண்ணீர் பிடிக்க வரும்போது, போன வருஷம் கொண்டுபோன அந்த இரண்டு பாட்டிலின் முடிவையும் தயவுசெய்து கையோடு எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
அணைக்கரை மீன் வறுவல் கடைக்காரி,
கிருஷ்ணகிரி