திரையைத் திருப்பி வைத்த சிஸ்டருக்கு

வீட்டுக்கு வந்து ஐந்து நாளாகிறது. பேச்சு முழுதாகத் திரும்பிவிட்டது. வலது கைவிரல்கள்தான் பேனாவைப் பிடிக்கக் கொஞ்சம் அடம்பிடிக்கின்றன, அதுவும் சரியாகிவிடும் என்கிறார்கள். அன்றைக்கு எனக்குப் பக்கவாதம் வந்தபோது நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் தெம்பில்லை. நன்றியை மட்டும் தள்ளிப்போட மனசு வரவில்லை.

"கொஞ்சம் படுத்தா சரியாயிடும்" என்று நான் குழறிக் குழறிச் சொன்னதைக் காதில் வாங்காமல் வண்டியை எடுத்த மாடிவீட்டுத் தம்பிக்கு நன்றி. "கடைசியா நல்லா பேசினது எத்தனை மணிக்கு?" என்று டாக்டர் கேட்டதும், தடுமாறாமல் நேரத்தைச் சொன்ன என் மகளுக்கு நன்றி. சிகிச்சையே அந்த ஒரு பதிலை வைத்துத்தான் முடிவானது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவசரப் பிரிவில் இருந்தவர்கள், ஸ்கேன் எடுத்தவர்கள், தினமும் விடியும் முன்னே வந்து நோகாமல் ரத்தம் எடுத்த லேப் பெண், வீடு திரும்பிய பிறகு மூட்டுவலிக்கு மாத்திரை கேட்டபோது, "ரத்தம் கட்டாம இருக்க மருந்து சாப்பிடுறீங்க, டாக்டரைக் கேக்காம இதைத் தர மாட்டேன்" என்று பிடிவாதமாக மறுத்த மருந்துக்கடைக்காரர், எல்லோருக்கும் சேர்த்துக் கைகூப்புகிறேன்.

இனி எழுதுவது சிஸ்டர், உங்களுக்கு. பெயரைப் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை.

மூன்றாம் நாள் இரவு அது. மற்ற கட்டில்களில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். என் கண் மட்டும் தலைமாட்டில் இதயத்துடிப்பைக் காட்டும் திரையை விட்டு நகரவில்லை. 138, 109, 151, 96. எண் ஏறினால் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். இறங்கினால் நின்றுவிடப் போகிறதோ என்று பயப்படுவேன். பயந்தால் இன்னும் ஏறும். எத்தனை மணி நேரம் அப்படிக் கிடந்தேனோ தெரியாது. நீங்கள் வந்தீர்கள். என்ன, ஏது என்று எதுவும் கேட்கவில்லை. திரையைப் பிடித்து வாசல் பக்கமாகத் திருப்பினீர்கள்.

"இனிமே இதைப் பாக்குறது என் வேலை. ஏதாவதுன்னா சத்தம் எனக்கு அங்கயே கேக்கும். நீங்க கையைக் குடுங்கம்மா."

என் விரல்களை எடுத்து என் மணிக்கட்டிலேயே, கட்டைவிரலுக்குக் கீழே வைத்தீர்கள். "கட்டைவிரலால பாக்காதீங்க, அதுக்கே ஒரு துடிப்பு இருக்கு, குழப்பிடும்." பிறகு என் இன்னொரு கையில் நீங்கள் நாடி பிடித்தீர்கள். உங்களுக்குத் தட்டுப்பட்ட துடிப்பையெல்லாம் மெத்தை ஓரத்தில் ஒரு விரலால் தட்டிக் காட்டினீர்கள். டக். டக் டக். ஒரு இடைவெளி. டக். டக் டக் டக். அந்த இடைவெளியில் என் முகம் மாறியதைக் கவனித்திருக்கிறீர்கள்.

"நின்னு போகலைம்மா. நெஞ்சுல அடிக்குது. ரத்தம் நிரம்புறதுக்குள்ள அவசரப்பட்டு அடிச்சிடுச்சு, அதான் கை வரைக்கும் வந்து சேரல."

ஆறு வருடமாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயம் தாளம் தப்பித் துடிக்கும் கோளாறு, இருக்கிறது எனக்கு. ஷாக் கொடுத்துத் தாளத்தை இரண்டு முறை சீராக்கினார்கள். இரண்டு முறையும் சில மாதங்களில் பழையபடி ஆனது. அதன் பிறகு, வேகத்தை மட்டும் கட்டுக்குள் வைத்தால் போதும் என்று டாக்டர் முடிவு செய்தார். இதயத்தின் மேலறைகளில் நிமிடத்துக்கு 350 தடவைக்கும் மேல் மின்துடிப்பு தாறுமாறாக ஓடுகிறது என்பதும், நடுவில் வாசல் மாதிரி இருக்கும் ஒரு முடிச்சு அதில் சிலவற்றை மட்டும் கீழே விடுகிறது என்பதும் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் இந்த ஆறு வருடத்தில் என் மணிக்கட்டை நான் ஒருமுறைகூடத் தொட்டுப் பார்த்ததில்லை. அவ்வளவு பயம்.

நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்து "ம், ஆரம்பிங்க" என்றீர்கள். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குவது சீரான துடிப்புக்குத்தான் சரிவரும், நம்முடையதை ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும் என்றீர்கள். "நம்முடையது" என்று நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. முதல் தடவை நான் 96 என்றேன், நீங்கள் 102 என்றீர்கள். "ஆறை விட்டுட்டீங்க, பரவாயில்ல, மறுபடி எண்ணுவோம்." மூன்றாவது தடவை இருவருக்கும் ஒரே எண் வந்தது. ஒரு வார்டு முழுவதையும் பார்க்க வேண்டிய நேரத்தில் என் பக்கத்தில் அப்படி உட்கார்ந்திருந்தீர்கள். அன்றிரவுதான் அங்கே முதல்முறையாகத் தூங்கினேன்.

உங்களிடம் அன்றைக்குச் சொல்லாத ஒன்றை இங்கே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் நடப்பதற்கு முன் பல வாரம், ரத்தம் கட்டாமல் இருக்க இரவில் போடும் மாத்திரையை நானாகவே விட்டிருந்தேன். படபடப்பு இல்லை, மூச்சு வாங்கவில்லை, நன்றாகத்தானே இருக்கிறோம் என்ற நினைப்பு. டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். இடது மேலறையின் ஓரத்தில் காதுமடல் போல ஒரு சின்னப் பை இருக்கிறது. மேலறை ஒழுங்காகச் சுருங்காதபோது ரத்தம் அதற்குள் தேங்கும், தேங்கினால் கட்டும், அந்தக் கட்டி கிளம்பினால் மூளைக்குப் போய்விடலாம். எனக்குப் படபடப்பு தெரிகிறதா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த உண்மை தெரியாமல் யாராவது என்னைப் போல மாத்திரையை விட்டிருந்தால், தயவுசெய்து இன்றைக்கே உங்கள் டாக்டரிடம் பேசுங்கள்.

மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், உங்களுக்கும் கொடுக்கிறேன். இரவு 8 மணி மாத்திரை இனி தவறாது. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையைச் சொன்ன நாளில் செய்வேன், 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்கிறதா என்று நானே பார்த்துக் குறித்துக்கொள்வேன். ஒருவேளை மறந்தாலும் பதறிப்போய் இரண்டாகப் போட்டுக்கொள்ள மாட்டேன்.

நீங்கள் சொன்ன மாதிரி ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். காலையில் எழுந்து ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு எண்ணுகிறேன். 88, 92, 84, 90, 86. கை நடுக்கத்தில் எழுத்து கோணலாகத்தான் வருகிறது. பக்கத்தில் யாரும் தட்டிக் காட்டாததால் எத்தனை விடுகிறேனோ தெரியவில்லை. அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்க வரும்போது நோட்டையும் எடுத்து வருகிறேன், சிஸ்டர். உங்களுக்குப் பகல் டியூட்டியாக இருந்தால் ஒரு நிமிடம் என்னோடு எண்ணிப் பாருங்கள்.