ஊர்வன, தவளைகள்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, அண்ணாச்சிமார்களே, அக்காமார்களே, வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் அதற்குள் கட்டிவிட்டால் பெயர் வெளியே வராது.

பொதிகை மலை என்றால் நமக்கு ஒரு கிறுக்கு உண்டு. களக்காடு முண்டந்துறைக் காட்டில் மலபார் குழிவிரியனும், மண்ணுக்குள்ளேயே வாழும், தவளைக்கு உறவான, காலில்லாத சிசிலியனும் இருக்கும்போது கிறுக்குப் பிடிக்காமல் என்ன செய்யும்? ஆனால் அனுமதி வாங்கி மலையேறுவது எல்லாருக்கும் வாய்க்காது. அதனால் இந்த ஆண்டு வயலையும் குளத்தையும் பார்ப்போம் என்று செயற்குழு முடிவெடுத்தது. என்னைக் கேட்டால் இதை எப்போதோ செய்திருக்க வேண்டும்.

ஐப்பசியில் முதல் பெருமழை விழுந்த ராத்திரி குளத்தடி வயலில் டார்ச் அடித்துப் பார்த்தோம். மற்ற நாளில் சேற்று நிறத்தில் கிடக்கும் பெருந்தவளையில் ஆண்கள் எல்லாம் பளீர் மஞ்சளாகி, தொண்டையின் இரு பக்கமும் நீலப் பை ஊதிக் கத்திக்கொண்டிருந்தன. பெண்ணுக்கு இந்தக் கோலம் கிடையாது. உறுப்பினர் ஒருவர் வீட்டில், தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஒட்டியிருந்ததைச் சோப்பு நுரை என்று கழுவப் போனார்கள். அது மரத்தவளை முட்டையிட்ட நுரைக்கூடு. குஞ்சு பொரிந்ததும் தலைப்பிரட்டைகள் நுரையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழும். அதுவரை தொட்டியைத் தொடாமல் விட்ட அக்காவுக்குச் சங்கத்தின் நன்றி.

செம்மணல் தேரிக்காட்டுக்குப் போனவர்கள் விசிறித்தொண்டை ஓணானைப் படமெடுத்து வந்தார்கள். படங்கள் பின்சுவரில் ஒட்டியிருக்கின்றன.

பிசான நெல் அறுப்புக்கு முன்னால் நடத்திய பாம்புக் கூட்டத்துக்குத்தான் ஆள் அதிகம். ஊரில் கட்டுவிரியன் என்று அடிபடுவதில் பல, விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையன். கட்டுவிரியனுக்கு வெள்ளைக் கட்டுகள் கழுத்துப் பக்கம் மங்கி, வால் பக்கம் தெளிவாக, பெரும்பாலும் இரண்டிரண்டாக வரும். வரையனுக்குக் கழுத்தில் தெளிவு, வாலில் மங்கல். இதைப் படத்தில் பார்த்தால் போதும், கிட்டே போக வேண்டாம். கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரியில், தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும். வலியும் வீக்கமும் பெரிதாக இருக்காது என்பதால் பலர் பூச்சிக்கடி என்று விட்டுவிடுகிறார்கள். அப்புறம் வயிற்றுவலி, இமை சொருகல், மூச்சுத் திணறல். சந்தேகம் வந்தாலே பச்சிலை தேடாமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் ஒரே முறிமருந்துதான். பாம்பைப் பிடித்து எடுத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை.

கார் நெல் பருவத்தில் இதே கூட்டத்தை ஊர் ஊராக நடத்தலாம் என்பது என் யோசனை. புதிய செயற்குழு முதலில் நல்ல டார்ச் வாங்கட்டும்.

செயலாளர்