இசை ரசிகர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

தலைவர் அவர்களுக்கும், துணைத்தலைவர், பொருளாளர் ஆகியோருக்கும், இன்று வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். இந்த அறிக்கையில் அவர்கள் கேட்க வேண்டியவையே அதிகம் என்பதால், படி எடுத்து வீட்டுக்கே அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறேன்.

பொதுக்குழு உரிய நாளில் கூடியது. செயற்குழு தேவைப்பட்டபோதெல்லாம் கூடியது. சுதந்திர தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் வழங்கினோம். செப்டம்பர் 25 அன்று எஸ்.பி. பாலசுப்பிரமணியம் நினைவுநாளில் உறுப்பினர்கள் அவருடைய பாட்டுகளைப் பாடினார்கள். சிலர் பாடாமல் இருந்திருக்கலாம். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவையொட்டி நடத்தவிருந்த வினாடி வினா மழையால் நடைபெறவில்லை. பொங்கல் விழா நடைபெற்றது.

இனி, இரண்டாம் சனிக்கிழமைகளில் நடக்கும் கேட்பு அமர்வுகள். இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. இதைத் தொடங்கியவன் நான் என்பது மட்டும் காரணமல்ல. "ஒரே பாட்டை இரண்டு தடவை கேட்பதற்கு ஒரு மன்றம் வேண்டுமா?" என்று சென்ற பொதுக்குழுவில் ஒருவர் கேட்டதும் காரணம்.

விதி எளியது. முதலில் மூலப் பாட்டு. ஆரம்ப இசையிலிருந்து கடைசிவரை யாரும் பேசக் கூடாது. அடுத்து அதன் கவர், அதாவது அதே பாட்டை வேறொருவர் பாடியது. அதன் பிறகு பேசலாம், சண்டையும் போடலாம். இந்த வரிசையை ஏன் மாற்ற விடுவதில்லை என்றால், நம் குமரி மாவட்டத்தில் பெரும்பாலோர் ஒரு பாட்டை முதன்முதலாகக் கேட்டது படத்திலோ இசைத்தட்டிலோ அல்ல. கோயில் கொடையிலோ ஆலயத் திருவிழாவிலோ நடந்த கானமேளா என்னும் மேடைப் பாட்டுக் கச்சேரியில். வேளிமலை அடிவாரத்தில் ஏதோ ஒரு பாடகர் பாடியதுதான் நம் காதுக்கு மூலம். பிறகு உண்மையான மூலத்தைக் கேட்டால், "இது என்ன, கொஞ்சம் மெதுவாக இருக்கிறதே" என்கிறோம். இலங்கை வானொலியில் கேட்டு வளர்ந்தவர்களுக்கும், 1984இல் தொடங்கிய நாகர்கோவில் எஃப்.எம். நிலையத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கும் இந்தக் குழப்பம் சற்றுக் குறைவு. மற்றவர்களுக்கு முதலில் கேட்டதே மூலம். அந்தப் பழக்கத்தைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைக்கத்தான் இந்த அமர்வுகள்.

இந்த ஆண்டின் சிறந்த அமர்வு ஜூலை மாதத்தது. வந்திருந்தவர்களுக்குத் தெரியும், அவர்கள் ஒரு பெஞ்சில் அடங்கும் அளவுக்குத்தான் இருந்தார்கள். 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' பாட்டை நாம் எல்லாரும் போனி எம் குழுவின் பாட்டாகவே அறிந்திருந்தோம். அவர்கள் அதை வெளியிட்டது 1978இல். மூலம், ஜமைக்காவைச் சேர்ந்த மெலடியன்ஸ் குழு 1970இல் பாடியது. ராஸ்தஃபாரி சமயத்தவரின் பாட்டு என்பதால் அதில் 'கிங் ஆல்ஃபாவின் பாட்டு' என்று வருகிறது. அவர்கள் தெய்வமாகப் போற்றும் எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசியைக் குறிக்கும் சொல் அது. போனி எம் அந்த இடத்தில் 'கர்த்தரின் பாட்டு' என்று மாற்றிப் பாடியது. "உயிர்நாடியையே எடுத்துவிட்டார்கள்" என்று மார்த்தாண்டத்து இளைஞர் கொதித்தார். ஆலயப் பாடகர் குழுவில் நெடுங்காலம் பாடிய நம் மூத்த உறுப்பினர் பதில் சொல்லாமல் கைப்பையிலிருந்து விவிலியத்தை எடுத்து 137ஆம் சங்கீதத்தை விரித்தார். இரண்டு பாட்டுக்கும் அதுதான் வேர். அந்நிய தேசத்தில் எப்படிப் பாடுவோம் என்று அங்கே கேட்கப்படுவது கர்த்தரின் பாட்டைத்தான். "தம்பி, நீங்கள் மூலம் என்று சொல்வதே ஒரு கவர். இரண்டாவது கவர் மூலத்துக்குத் திரும்பிப் போயிருக்கிறது" என்றார். இளைஞரால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. என் கருத்தையும் பதிவு செய்கிறேன்: சொல்லில் அண்ணாச்சி சொன்னது சரி, குரலில் மெலடியன்ஸ்தான். ஊரை இழந்தவன் பாடுவது அவர்கள் பாட்டில் கேட்கிறது. போனி எம் பாட்டில் ஊரை இழந்தவன் நன்றாக நடனம் ஆடுகிறான்.

செப்டம்பரில் இளையராஜா. 'நூறாவது நாள்' (1984) படத்தின் 'விழியிலே மணி விழியில்' பாட்டுதான் மூலம் என்று அத்தனை பேரும் கைதூக்கினார்கள். 1981இல் 'கீதா' என்ற கன்னடப் படத்துக்கு அவர் போட்ட மெட்டு அது என்பதைப் போட்டுக் காட்டிய பிறகு சற்று நேரம் அமைதி. 2007இல் 'சீனி கம்' இந்திப் படத்திலும் அதே மெட்டு வந்தது. இசையமைப்பாளர் தம் மெட்டைத் தாமே எடுத்தால் அது கவர் ஆகாது என்று தோவாளை உறுப்பினரும், ஆகும் என்று பொருளாளரும் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்கள், அதாவது நேரில் பேசிக்கொள்ளாமல் இருக்கிறார்கள். நவம்பரில் 'தொட்டால் பூ மலரும்'. வாலியின் அதே வரிகள். 'படகோட்டி'யில் (1964) விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை, 'நியூ'வில் (2004) ஏ.ஆர். ரஹ்மான் இசை. அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 1967இல் பதிவுசெய்த 'ஆல் அலாங் த வாட்ச்டவர்' பாட்டையும், ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மறு ஆண்டே அதை மின் கிதாரில் புரட்டிப் போட்டதையும் ஜனவரியில் கேட்டோம். டிலனே பின்னாளில் மேடையில் ஹெண்ட்ரிக்ஸ் வழிக்குப் போய்விட்டார் என்பதை இளைஞர் அணி வெற்றியாக அறிவித்தது.

பிடித்த மேடைக் குழு எது என்ற விவாதத்தில் தலைமுறைப் பிளவு வெளிப்படையாகத் தெரிந்தது. மூத்தவர்கள் ஒரு மெல்லிசைக் குழுவுக்குத் தரும் உச்சப் பாராட்டு "ரெக்கார்டு மாதிரியே இருந்தது" என்பது. கல்லூரி உறுப்பினர்கள் அதையே குறையாகச் சொல்கிறார்கள். அவர்களுக்குக் கொச்சியின் தைக்குடம் பிரிட்ஜ், திருவனந்தபுரத்தின் அவியல், பெங்களூருவின் அகம் என்று பட்டியல் நீள்கிறது. பாட்டை எடுத்துத் தன் வழியில் கொண்டுபோகாதவன் எதற்கு மேடை ஏறவேண்டும் என்பது அவர்கள் கேள்வி. இரண்டு பக்கத்தையும் கேட்ட பின் எனக்குத் தோன்றியது இது: அச்சு அசலாக வாசிப்பதும் வேலைதான், மாற்றி வாசிப்பதும் வேலைதான். கை வாசிக்க வேண்டும், அவ்வளவே.

கரோக்கி விஷயத்துக்கு வருகிறேன். அமர்வுகளை நிறுத்திவிட்டு, ஒரு பெட்டியும் இரண்டு மைக்கும் வாங்கி மாதாமாதம் உறுப்பினர்களே பாடலாம் என்று ஒரு தீர்மானம் கையெழுத்துகளுடன் வந்தது. கையெழுத்திட்டவர்களில் பாதிப் பேர் அமர்வு எந்தக் கட்டடத்தில் நடக்கிறது என்பதே தெரியாதவர்கள். யாரும் பாடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் குரலை மட்டும் உருவி எடுத்த டிராக் ஒன்றை ஓடவிட்டு அதன் மேல் பாடுவதைக் கவர் என்று அழைப்பதை ஏற்க மாட்டேன். திருவிழாக் கமிட்டிகள் செலவு மிச்சம் என்று பாடகரையும் டிராக்கையும் மட்டும் அழைக்கத் தொடங்கிய பிறகு, நம் வட்டாரத்தில் டோலக்கும் புல்லாங்குழலும் வாசித்துப் பிழைத்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தீர்மானம் கொண்டுவந்தவர்கள் ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம். போனி எம் மேடையில் ஆடிக்கொண்டே பாடிய பாபி ஃபாரல் இசைத்தட்டுகளில் பாடவே இல்லை. அந்த ஆண்குரல் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனுடையது. அப்படி ஒரு மேடையை நாமும் அமைக்க வேண்டுமா என்று கேட்டேன். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. தோற்கடிக்கப்பட்டது என்று குறிப்பேட்டில் எழுத வேண்டாம் எனத் தலைவர் கேட்டுக்கொண்டார்.

மன்றத்தின் பெயரில் கவர் பாட்டுகளைப் பதிவுசெய்து வெளியிடலாம் என்ற குளச்சல் உறுப்பினரின் யோசனையும் பரிசீலிக்கப்பட்டது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 31சி பிரிவின்படி, முதல் ஒலிப்பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு படைப்புக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான உரிமத்தொகை கட்ட வேண்டும். நம் உறுப்பினர் எண்ணிக்கையை நினைத்துப் பார்த்துவிட்டு அவரே யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

ரெக்கார்டு பிளேயர் வாங்கியது வீண் செலவு என்று என் காதுபடவே பேசப்பட்டது. செல்பேசியில் எல்லாம் கிடைக்கிறதாம். கிடைக்கிறது, எது கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. கேசட் காலத்தில் பழைய பாட்டுகளை வேறு குரல்களில் பாடவைத்து மலிவாக விற்றார்கள். அவற்றில் சில இன்று மூலப் பாடகரின் பெயருடனேயே உலவுகின்றன. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் அடங்கும் என்பதால், படத்தில் நீண்ட பாட்டு தட்டில் குறுகிவிடும். எது சுருக்கம், எது மூலம் என்று தட்டை வைத்துத்தான் சொல்ல முடியும். உறுப்பினர் ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து கொண்டுவந்து கொடுத்த தட்டுகள் இல்லையென்றால் இந்த ஆண்டின் பாதி அமர்வுகள் நடந்திருக்காது. அவர் சந்தாவும் கட்டியிருக்கிறார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

ஆண்டு விழாவுக்கு அழைத்த மெல்லிசைக் குழுவிடம் டிராக் கூடாது என்று எழுதி வாங்கினேன். வாசித்தார்கள். இரண்டாவது இடையிசையில் புல்லாங்குழல்காரர் தட்டில் உள்ளபடியே தொடங்கி, கடைசி வரியில் மட்டும் வேறு வழியில் இறங்கினார். இரு அணியும் ஒருசேரக் கைதட்டிய ஒரே சந்தர்ப்பம் அது. ஆறு மணி என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்தோம். ஆறு மணிக்கு அரங்கில் இருந்தவர்கள் குழுவினரும், ஏத்தன்பழ பஜ்ஜி போட வந்தவரும், நானும். கடைசி பஸ், மழை, உறவினர் வீட்டுக் கல்யாணம் என்று காரணங்கள் வந்தன. ஆட்கள் எட்டு மணிக்கு வந்தார்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. அதனால் கடைசி மூன்று பாட்டுகளைக் கேட்காமலே கலைந்தோம். நேரம் போதவில்லை என்று செயலாளர் மீது புகார் எழுதியவர்கள், எட்டு மணிக்கு வந்தவர்களே.

சந்தா மாதம் 50 ரூபாய். வடசேரி பஸ் நிலையத்தில் மாலை நேரத்தில் ஒரு டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டு மறந்துபோகிற தொகை. ஆனாலும் மூன்றில் ஒரு பங்கினர் கட்டவில்லை. "அமர்வுக்கு வராத மாதத்துக்கு ஏன் கட்ட வேண்டும்?" என்று கேட்டவருக்கு, வராமல் இருப்பதற்கும் மன்றம் ஒன்று இருக்க வேண்டுமே என்று பதில் எழுதினேன். பெயர்களைப் படிக்கப் போவதில்லை. பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது, கேட்பவர்களுக்குக் காட்டுவார்.

வரவும் செலவும் ஏறக்குறையச் சரியாக இருக்கின்றன. அரங்க வாடகை, குழுவுக்கான தொகை, பஜ்ஜி, காப்பி, ரெக்கார்டு பிளேயருக்கான ஊசி ஆகியவை முக்கியச் செலவுகள். சிறு பற்றாக்குறை உண்டு. அதை உறுப்பினர் ஒருவர் தம் கையிலிருந்து ஈடுகட்டியிருக்கிறார்; பெயரை வெளியிட அவர் விரும்பவில்லை என்று எழுதவே நினைத்தேன். கணக்குக் குறிப்பில் பொருளாளர் என் பெயரை எழுதிவிட்டதால் மறைத்துப் பயனில்லை. தணிக்கை முடிந்ததும் விவரம் சுற்றுக்கு வரும்.

அரங்கம் தந்த தனிப்பயிற்சி நிலையத்தாருக்கும், ஒலி அமைப்பாளருக்கும், அழைப்பிதழைக் கடனுக்கு அச்சிட்டுத் தந்த அச்சகத்தாருக்கும், தலைவருக்கும், செயற்குழுவினருக்கும், இளைஞர் அணிக்கும் நன்றி. அச்சகத்தார் இனிமேல் கடன் தருவதற்கில்லை என்று தெரிவித்திருக்கிறார்.

அடுத்த ஆண்டு, ஒரே பாட்டை ஒரு கானமேளாக் குழுவும் ஒரு இளைஞர் குழுவும் ஒரே மேடையில் அடுத்தடுத்து வாசிக்கும் நிகழ்ச்சி ஒன்றை நடத்தத் திட்டமிருக்கிறது. பாட்டைக்கூடத் தேர்ந்து வைத்திருக்கிறேன். இரண்டு குழுக்களுக்கும் முன்பணம் கொடுக்க வேண்டும்; நிலுவைச் சந்தா வந்தால் அதற்குப் போதும், வராவிட்டால் கரோக்கிப் பெட்டிதான் மலிவு. செயலாளர் பொறுப்பை இன்னொருவர் ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியுடன் ஒப்படைப்பேன். குறிப்பேடு, ரசீதுப் புத்தகம், தட்டுகள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. வேட்புமனுவுடன் நடப்பு ஆண்டுச் சந்தா ரசீதையும் இணைக்க வேண்டும் என்பது நம் விதி. அதன்படி இன்றைய நிலவரத்தில் போட்டியிடத் தகுதியுள்ளவர்கள் யார் யார் என்பதைப் பொருளாளர் வாசிப்பார். ரசீதுப் புத்தகத்துடன் அவர் வாசலருகே உட்கார்ந்திருக்கிறார். வாக்கெடுப்பு பஜ்ஜிக்குப் பிறகு.