பெட்டி அனுப்புவதற்கு முன் அந்த ஆசிரியரைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தன்சானியாவில் உள்ள ஒரு கிராமத்து உயர்நிலைப்பள்ளிக்கு அறிவியல் கருவிகள் சேகரித்து அனுப்ப இங்கே சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத்தில் சிலர் முன்வந்திருக்கிறார்கள். நல்ல மனம், பாராட்டுகிறேன். ஆனால் அதற்காகக் கூடிய கூட்டத்தில் எத்தனை பெட்டி, கப்பல் கட்டணம் எவ்வளவு, திறப்பு விழாவுக்கு இங்கிருந்து யார் போவது என்றே பேச்சு போயிற்று. அந்தப் பள்ளியில் வேதியியல் நடத்துபவர் யார், அவருக்கு என்ன தேவை என்று ஒருவரும் கேட்கவில்லை. உயர்நிலைப்பள்ளி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு அது மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பெட்டியில் போகப்போகிறவற்றின் பட்டியலைப் பார்த்தேன். மின்விளக்கு பொருத்திய நுண்ணோக்கிகள், மின்னணுத் தராசுகள். மின்சாரம் நிலையாக இல்லாத ஊரில் இவை அலமாரியில்தான் இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அடியில் ஆடி வைத்த நுண்ணோக்கிகள் இருந்தன. சன்னலோரம் வைத்து ஆடியைத் திருப்பினால் வெங்காயத் தோலின் செல் பளிச்சென்று தெரியும். அந்த ஊருக்கு அதுதான் வேண்டும். கரைசலைத் துளித்துளியாக அளந்து விடும் கண்ணாடிக் குழாய்களான பியூரெட்டுகளும், பழையவை, பட்டியலில் உண்டு. அவற்றின் அடிக்குழாய்த் திருகு கசிந்தால் மாற்றுத் திருகை அங்கே எந்தக் கடையில் தேடுவார்கள்?

என் அண்ணன் மகள் தன்சானியாவின் இரிங்கா பகுதியில் ஓர் உயர்நிலைப்பள்ளியில் ஓராண்டு உயிரியல் கற்பித்தாள். பக்கத்து வகுப்பின் வேதியியல் ஆசிரியரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அவளுக்கு நேரம் போவதே தெரியாது. பியூரெட்டுக்குப் பதில் மருந்துக்கடையில் வாங்கிய சிரிஞ்சு. அதில்தான் மில்லிலிட்டர் கோடுகள் போட்டிருக்கின்றனவே. கந்தக அமிலம் வேண்டுமென்றால் கார் பேட்டரிக்கு ஊற்றும் அமிலத்தை வாங்கி, தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து நீர்க்கச் செய்வார். (அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறித்து முகத்தையே பொசுக்கிவிடும்.) செம்பருத்தி இதழ்களைக் கொதிக்க வைத்து நிறங்காட்டி தயாரிப்பார்: அமிலத்தில் சிவக்கும், காரத்தில் பச்சையாகும். எல்லாவற்றையும் சனிக்கிழமை தனியாக உட்கார்ந்து செய்து பார்த்த பிறகே திங்கட்கிழமை பிள்ளைகள் முன் வைப்பார்.

பாடத்துக்கு முன்னால் நடக்கும் அந்தச் சனிக்கிழமை வேலை என்னவென்று எனக்குத் தெரியும். கரைசல் சரியான செறிவில் இருக்கிறதா, நிறம் மாறும் இடம் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்து வைப்பதுதான் என் வேலையாக இருந்தது. இங்கே அதற்கென்று சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறோம். அங்கே அதுவும் ஆசிரியர் தலையில்தான். இன்னொரு பாரமும் உண்டு. தன்சானியப் பிள்ளைகள் தொடக்கப்பள்ளியில் சுவாஹிலியில் படித்துவிட்டு உயர்நிலைக்கு வந்ததும் அறிவியலை ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளியில் தமிழில் அறிவியல் படித்து, பிறகு ஆங்கிலத்தில் பிழைக்கப் போன என் தலைமுறைக்கு அந்தச் சிரமத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

கென்யாவின் பீட்டர் டாபிச்சியைப் பற்றி வாசகர்கள் சிலர் படித்திருக்கலாம். நக்குரு மாவட்டத்தில் புவானி என்ற கிராமத்தின் கெரிக்கோ உயர்நிலைப்பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். பிரான்சிஸ்கன் சபைத் துறவி. ஓர் ஆசிரியருக்கு 58 மாணவர்கள். பள்ளி முழுவதற்கும் ஒரே ஒரு கணினி. இணையத் தொடர்பு வந்து வந்து போகும் என்பதால், இணையக் கடைக்குப் போய்ப் பாடங்களைப் பதிவிறக்கி வருவார். சம்பளத்தில் 80 விழுக்காட்டை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார். அந்தப் பள்ளியிலிருந்துதான் பார்வையற்றோரும் செவித்திறன் இல்லாதோரும் பொருள்களை அளக்க உதவும் கருவி ஒன்றை மாணவிகள் உருவாக்கி, 2019இல் அமெரிக்காவில் நடந்த அனைத்துலக அறிவியல் கண்காட்சிக்குத் தகுதி பெற்றார்கள். அதே ஆண்டு மார்ச் மாதம் துபாயில் அவருக்கு ஒரு மில்லியன் அமெரிக்க டாலர் உலக ஆசிரியர் பரிசு கிடைத்தது. மாணவிகளின் கருவி உருவானபோது அந்தப் பரிசுப் பணம் வந்திருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

கானாவின் ரிச்சர்ட் அப்பியா அக்கோட்டோ கரும்பலகையில் வண்ணச் சாக்கட்டியால் கணினித் திரையை அப்படியே வரைந்து பாடம் நடத்தியவர். தேர்வில் கணினிப் பாடம் இருந்தது, பள்ளியில் கணினி இல்லை. அந்தப் படம் உலகெங்கும் பரவியதும், 2018இல் மைக்ரோசாஃப்ட் நடத்திய கல்வி மாநாட்டுக்கு நம் சிங்கப்பூருக்கே வந்தார். பள்ளிக்குக் கணினிகள் பிறகுதான் வந்து சேர்ந்தன.

தன்சானியாவிலேயே இன்னொரு கதை. 1963இல் மகம்பா உயர்நிலைப்பள்ளியில் எராஸ்டோ இம்பெம்பா என்ற மாணவன் ஐஸ்கிரீம் செய்தபோது, சூடாக வைத்த பால் ஆறவைத்த பாலுக்கு முன்னால் உறைந்ததைக் கண்டான். ஏன் என்று கேட்டவனை வகுப்பில் கேலி செய்தார்கள். பிறகு இரிங்காவில் படிக்கும்போது, அங்கு வந்த இயற்பியல் பேராசிரியர் டெனிஸ் ஆஸ்போர்னிடம் அதே கேள்வியைக் கேட்டான். ஆஸ்போர்ன் சிரிக்கவில்லை, திரும்பிப் போய்ச் சோதித்துப் பார்க்கச் செய்தார். 1969இல் இருவர் பெயரிலும் கட்டுரை வெளிவந்தது. அது உண்மையில் நடக்கிறதா, நடந்தால் ஏன் என்று அறிவியலாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். அந்தப் பையனின் கையில் இருந்தவை பாலும் சர்க்கரையும் ஓர் உறைபெட்டியும்தான்.

ஆகவே கூட்டத்தில் சொல்ல முடியாமல் போனதை இங்கே சொல்கிறேன். முதலில் அந்த ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அல்லது வாட்ஸ்அப்பில் பேசுங்கள். தேர்வுக்கு எந்தெந்த செய்முறை வருகிறது, எந்த வேதிப்பொருள் பாதியில் தீர்ந்துபோகிறது என்று அவர் நொடியில் சொல்லிவிடுவார். வேதிப்பொருள்களைக் கப்பலில் அனுப்புவது அபாயம், செலவும் அதிகம்; பணமாகத் தவணைக்குத் தவணை அனுப்பினால் அவரே உள்ளூரில் வாங்கிக்கொள்வார். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் ராட்மேஸ்டே மையம் சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் சில துளிகளை மட்டும் வைத்து வேதியியல் சோதனை செய்யும் பெட்டிகளை உருவாக்கியிருக்கிறது. நாம் குவளை நிறைய ஊற்றிச் செய்வதை அவர்கள் துளிகளில் முடிக்கிறார்கள், கழிவும் குறைவு. நம் பழைய தராசுகளை ஏற்றும் கட்டணத்தில் இவற்றில் எத்தனை வாங்கலாம் என்று கணக்குப் பார்க்கலாமே.

அறிவியல் கண்காட்சிக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகும் பேருந்துச் செலவு பெரும்பாலும் ஆசிரியர் பையிலிருந்துதான் போகிறது என்று அண்ணன் மகள் சொன்னாள். ஏற்பாட்டாளர்கள் ஒப்புக்கொண்டால் அந்தப் பள்ளியின் இந்த ஆண்டுப் பேருந்துச் செலவை நான் ஏற்கிறேன். பணம் ஆசிரியர் கைக்கு நேரே போக வேண்டும் என்பது மட்டுமே என் வேண்டுகோள். ஆப்பிரிக்க நாடுகளில் பாடம் நடத்திவிட்டு வந்த தமிழர்கள் இங்கே இருந்தால் தங்கள் அனுபவத்தைத் தயவுசெய்து இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். பெட்டிகளை இன்னும் கட்டி முடிக்கவில்லை. பட்டியலை மாற்ற இப்போதும் நேரம் இருக்கிறது.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூட அலுவலர்
ஈசூன்