தம்பிக்கு, வண்டி ஸ்டார்ட் ஆகாத வாரத்தில்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம், அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் நீ "சரிப்பா, வெச்சிடறேன்" என்பாய், நானும் சரி என்பேன். ஆடிப் பதினெட்டுக்கு அப்புறம் அதுவும் இல்லை. வேலை நெருக்கடியாக இருக்கும், தெரியும். அதனால்தான் எழுதித் தபாலில் போடுகிறேன், நேரம் கிடைக்கும்போது படி.

திங்கட்கிழமை காலையில் நம்ம காமெட் லாரி ஸ்டார்ட் ஆகவில்லை. முந்தின நாள் ராசிபுரத்திலிருந்து மக்காச்சோளம் ஏற்றிவந்து தீவன மில்லில் இறக்கிவிட்டு, பட்டறை ஓரம் அதே வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். காலையில் சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். 1996 மாடல் வண்டி, நேஷனல் பர்மிட்டுக்கான 12 வயசை எப்போதோ தாண்டிவிட்டது, வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி உள்ளூர் லோடு ஓட்டுகிறேன். ஆனாலும் இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் நின்றதில்லை.

நீ வாங்கிக் கொடுத்த மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஒரு பேட்டரி 12.5 காட்டியது, இன்னொன்று 11.9. பார்த்தால் புது டிரைவர் பாட்டுப் பெட்டிக்கு ஒரே பேட்டரியிலிருந்து வயர் இழுத்திருக்கிறார். இரண்டு பேட்டரி சேர்ந்து ஓடும் 24 வோல்ட் வண்டியில் அப்படி எடுத்தால் அது ஒன்று மட்டும் இறங்கிக்கொண்டே போகும், அப்புறம் நல்லதையும் சேர்த்துக் கெடுக்கும் என்று நீ பத்தாவது படிக்கும்போதே சொன்னாய். பட்டறையில் இருந்தவர்களிடம் சொன்னேன், என் பையன் அந்த வயசிலேயே கண்டுபிடித்தான் என்று. உன்னிடம் இதைச் சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை.

டெர்மினல் வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். எர்த் கேபிள் சேஸில் பிடிக்கிற இடத்திலும் துரு, அதையும் சுரண்டி முறுக்கினேன். பக்கத்து வண்டியிலிருந்து இரண்டு பேட்டரி வாங்கி வைத்ததும் செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுற்றியது. ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை.

பிடிக்கவில்லை என்று செல்ஃபைப் போட்டுத் தேய்க்கக்கூடாது தம்பி. பத்து செகண்டு, அப்புறம் விட்டுவிட்டு ஒரு நிமிஷம் ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் செல்ஃபும் போகும், பேட்டரியும் போகும். நீ ராத்திரி இரண்டு மணிக்கும் விழித்திருக்கிறாய், வாட்ஸ்அப்பில் தெரிகிறது என்று அக்கா சொல்கிறாள். தூங்கு. மனுஷனுக்கும் ஆற வேண்டும்.

சைலன்சரைப் பார்த்தேன், கொஞ்சம்கூடப் புகை இல்லை. வெள்ளைப் புகையாவது வந்தால் டீசல் போகிறது என்று அர்த்தம். ஒன்றுமே வரவில்லை என்றால் டீசல் மேலே போகவில்லை. டேங்கில் பாதிக்கு மேல் இருக்கிறது. சரி, டீசல் குழாயில் காற்று புகுந்து ஏர் பிடித்திருக்கும் என்று டீசல் ஃபில்டர் மேல் இருக்கிற ஸ்க்ரூவை லூஸ் செய்து கைப்பம்பை அடித்தேன். முதலில் நுரை, அப்புறம் சுத்தமான டீசல். டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயையும் தடவிப் பார்த்தேன், அது வெடித்திருந்தால் வெளியே ஒரு சொட்டு ஒழுகாமலே உள்ளே காற்றை இழுக்கும். அதுவும் நன்றாக இருந்தது. மறுபடி செல்ஃப், மறுபடி ஒன்றும் இல்லை.

நீ மாதாமாதம் அனுப்பும் பணம் இரண்டு மாதமாக வரவில்லை என்று அம்மா சொன்னாள். எனக்கு அது வேண்டியதில்லை, வண்டி ஓடுகிற வரைக்கும் எங்கள் இரண்டு பேர் வயிற்றுக்குக் குறைவில்லை. அதை நினைத்துக்கொண்டு போன் பண்ணாமல் இருக்காதே என்றுதான் சொல்கிறேன். உன்கூட புனேயில் இருந்த சேந்தமங்கலத்துப் பையன் போன வாரம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தான். அங்கே நிறையப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றான். உன்னைப் பற்றிக் கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. அதை விடு. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அப்புறம் பம்பிலிருந்து, இன்ஜினுக்குள் டீசல் தெளிக்கிற நாசிலுக்குப் போகிற பைப்பில் ஒரு நட்டை லூஸ் செய்துவிட்டு டிரைவரை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். பம்ப் வரைக்கும் டீசல் வருகிறது, பம்பிலிருந்து ஒரு சொட்டு வெளியே போகவில்லை. பட்டறை அண்ணன் பம்பைக் கழற்றிக் கொடுங்கள், சர்வீசுக்கு அனுப்பிவிடலாம் என்றார், செலவு எக்கச்சக்கமாகச் சொன்னார். நான் உட்கார்ந்து பம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீசலை நிறுத்தி இன்ஜினை அணைக்கிற ஸ்டாப் லீவர் பாதியில் நின்றிருந்தது. கேபினுக்குள் ஸ்டாப் குமிழைத் தள்ளியாகிவிட்டது, ஆனால் கேபிள் கிரீஸ் இல்லாமல் காய்ந்து இறுகி, லீவரைத் திரும்ப விடவில்லை. விரலால் தள்ளினேன். செல்ஃப் தொட்டதும் பிடித்துக்கொண்டது.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வண்டி மேல் ஏறி உட்கார மனசு வரவில்லை.

2008 மே மாசம், நீ பிளஸ் ஒன் முடித்த லீவு. தருமபுரியிலிருந்து வருகிறோம், தொப்பூர் கணவாய் இறங்கியதும் டீக்கு நிறுத்தினேன். திரும்ப ஏறினால் ஸ்டார்ட் ஆகவில்லை. காலையில் டீசல் ஃபில்டரில் சேர்ந்த தண்ணீரை இறக்கினாயா என்று கேட்டேன், இறக்கினேன் என்றாய். நான் நம்பவில்லை. அத்தனை டிரைவர்கள் பார்க்க உன்னை அறைந்தேன். நீ எதற்கும் ஆகமாட்டாய் என்று சொன்னேன். நீ அழாமல் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாய். நீ போயிருந்த நேரத்தில்தான் பார்த்தேன், அன்றைக்கும் இதே லீவர்தான். கேபிள் அறுந்ததைக் கம்பி வைத்துக் கட்டியது நான், அதுவும் அன்று காலையில்தான். கம்பி மாட்டிக்கொண்டிருந்தது. தள்ளிவிட்டேன். நீ திரும்பி வந்தபோது "ஏர் எடுத்தேன், சரியாகிவிட்டது, இனிமேல் ஒழுங்காகத் தண்ணீர் இறக்கு" என்று சொன்னேன்.

நீ ஒழுங்காகத்தான் இறக்கியிருந்தாய் சாமி. எனக்கு அது அப்போதே தெரியும். இத்தனை வருஷமாகத் தெரியும்.

அந்த லீவுக்கு அப்புறம் நீ வண்டியைத் தொடவில்லை. படிப்பில் புத்தி போய்விட்டது என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னேன். உனக்கு ஏதாவது சரியில்லாமல் போனால் ஏன் என்னிடம் சொல்லமாட்டாய் என்று அம்மா கேட்கும்போதெல்லாம், பையன் அழுத்தக்காரன் என்று சொல்லிவிடுவேன். அழுத்தம் உன்னுடையது இல்லை.

அங்கே என்ன நின்றிருந்தாலும் நின்றிருக்கட்டும். நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன், குற்றம் சொல்லமாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு. வரவேண்டும் போல் இருந்தால் கிளம்பி வா, டிக்கெட்டுக்கு அக்கா பணம் போடுவாள், நான் சொல்லிவிட்டேன்.

புது கேபிள் போட்டாகிவிட்டது, பேட்டரி இரண்டையும் சேர்த்தே மாற்றிவிட்டேன். பாட்டுப் பெட்டிக்கு 12 வோல்ட் ஆக்கித் தருகிற கன்வெர்ட்டர் வைக்க வேண்டும், எந்த வயரை எங்கே கொடுப்பது என்று டிரைவருக்கும் தெரியவில்லை, எனக்கும் சரியாகத் தெரியவில்லை. நாளை மோகனூருக்கு ஒரு லோடு இருக்கிறது, சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுவேன். அதற்கப்புறம் போன் என் சட்டைப் பையில்தான் இருக்கும்.

அப்பா