துருப்பிடித்த பெட்ரோல் டாங்கியில் ஆசிட் ஊற்றலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய மோட்டார் சைக்கிள்களைச் சீர்செய்து மீண்டும் சாலைக்குக் கொண்டுவரும் ஆர்வம் பினாங்கில் நம் இளைஞர்களிடையே வளர்ந்து வருவது மகிழ்ச்சி தருகிறது. தொழிலதிபர் லோ பூன் சியூ ஹோண்டா மோட்டார் சைக்கிள்களைத் தருவித்து விற்ற ஊர் இது. அப்பாவோ தாத்தாவோ வேலைக்கு ஓட்டிப்போன காப்சாய் எனும் சிறு மோட்டார் சைக்கிள் ஒன்று ஜெலுத்தோங்கிலும் பட்டர்வொர்த்திலும் எத்தனையோ வீடுகளின் பின்புறத்தில் இன்னும் மூடிக் கிடக்கிறது. அந்த வண்டியை வெளியே எடுப்பவர் முதலில் எதிர்கொள்ளும் தொல்லை உள்ளே துருப்பிடித்த பெட்ரோல் டாங்கிதான். அதைச் சுத்தம் செய்யப் பலரும் கையாளும் முறை வண்டிக்கும் செய்பவருக்கும் தீங்கு விளைவிப்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கழிப்பறை கழுவவும் சிமெண்டுக் கறை போக்கவும் விற்கப்படும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை டாங்கியில் ஊற்றிக் குலுக்கினால் சில நிமிடங்களில் துரு கரைந்துவிடும் என்பது உண்மையே. ஆனால் அந்த ஆசிட் துருவோடு நின்றுவிடுவதில்லை. துருவுக்கு அடியில் இருக்கும் நல்ல இரும்பையும் அரிக்கிறது, அரிக்கும்போது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றுகிறது. அதன் புகை மூச்சுக்குழாயைப் புண்ணாக்குவதோடு, பக்கத்தில் வைத்திருக்கும் ஸ்பேனர்களைக்கூடத் துருப்பிடிக்கச் செய்துவிடும். டாங்கியின் இரு பாதிகளும் சேரும் விளிம்பு மடிப்புக்குள் புகுந்துகொள்ளும் குளோரைடு உப்பை எவ்வளவு கழுவினாலும் முழுவதுமாக நீக்குவது கடினம். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். காலையில் பளபளத்த டாங்கி மாலையில் செம்மண் நிறத்தில் இருப்பதற்கு இதுவே காரணம்.

துரு எப்படி உண்டாகிறது என்பதை அறிந்தால் எங்கே தேட வேண்டும் என்பதும் புரியும். பாதி காலியான டாங்கியில் மீதி இடத்தை நிரப்புவது நம் ஊரின் ஈரக் காற்று. பகலில் சூடாகி இரவில் குளிரும்போது அந்த ஈரம் மேல்தகட்டில் வியர்த்து, துளியாகத் திரண்டு, பெட்ரோலைவிடக் கனமானதால் அடியில் போய்த் தங்குகிறது. மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து சுருங்கியிருந்தால் மழைநீரும் சேர்ந்துகொள்ளும். ஆகவே பெட்ரோல் திறக்கும் குழாயைச் சுற்றியுள்ள அடிப்பகுதியும், யாரும் எட்டிப் பார்க்காத மேற்கூரையும்தான் அதிகமாக அரிக்கப்பட்டிருக்கும். மூடியைத் திறந்து கைவிளக்கு அடித்துப் பார்த்தால், மேல்தகட்டில் பக்குப் பக்காகப் பெயர்ந்து நிற்கும் துருச் செதில்கள் தெரியும். பழைய பெட்ரோல் வார்னிஷ் போல மூக்கைத் துளைக்கும். அந்தச் செதிலின் தூள்தான், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் ஜெட் எனும் நுண்துளையை அடைத்து, வண்டியை நடுச்சாலையில் நிறுத்துகிறது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரவை நிறுத்தும் மிதவை ஊசி சரியாக மூடாமல் பெட்ரோல் வழிவதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம்.

சிட்ரிக் அமிலத் தூளைக் கொண்டு செய்யும் முறையை நான் உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். இது கேக் செய்யும் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. முதலில் டாங்கியை வண்டியிலிருந்து கழற்றி, பெட்ரோல் குழாய், பெட்ரோல் அளவு காட்டும் மிதவை, ரப்பர் பாகங்கள் அனைத்தையும் நீக்கிவிட வேண்டும்; ஏனெனில் அலுமினியமும் துத்தநாகக் கலவையும் அமிலத்தைத் தாங்கமாட்டா. பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் விட்டுப் பெட்ரோல் பிசுக்கு போகக் கழுவ வேண்டும். பிசுக்கு இருக்குமிடத்தில் அமிலம் வேலை செய்யாது என்பதை நம்மவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். பிறகு ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஏறக்குறைய 100 கிராம் என்ற அளவில் தூளைக் கரைத்து, மேற்கூரையும் நனையும்படி வாய் வரை நிரப்பி, ஓர் இரவு விட்டுவைக்க வேண்டும். மூடியை இறுக்கக்கூடாது, வாயு வெளியேற வழி வேண்டும். சிறு குமிழிகள் எழும்பி, நீர் மஞ்சளும் பச்சையுமாக மாறும். கைவிளக்கில் பார்க்கும்போது மங்கிய சாம்பல் நிற இரும்பு தெரிந்தால் போதும். அதற்கு மேல் ஊறவிட்டால் இரும்பே அரிபடத் தொடங்கும்.

அடுத்து வரும் அரைமணி நேரத்தில்தான் பலருடைய உழைப்பு வீணாகிறது. துரு நீங்கிய ஈர இரும்பு நம் ஊர்க் காற்றில் சில நிமிடங்களிலேயே மீண்டும் சிவக்கும். ஆகவே ஆப்ப சோடா கரைத்த நீரால் அமிலத்தின் மிச்சத்தை முறித்து, நல்ல நீரால் அலசி, தாமதிக்காமல் சூடான காற்றால் மடிப்புகள் வரை உலர்த்தி, உடனே எஞ்சின் எண்ணெயை உட்புறம் முழுவதும் புரளவிட வேண்டும். பெட்ரோல் வாடை சிறிதளவும் இல்லாதபோது மட்டுமே மின்சாரச் சூட்டுக் கருவியை அருகில் கொண்டுவரலாம்.

உட்பூச்சு பற்றி ஒரு சொல். எபாக்ஸி எனும் பிசினை உட்புறம் பூசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அடியில் துருவோ எண்ணெயோ மீந்திருந்தால் அந்தப் பூச்சு பின்னாளில் தகடு தகடாக உரிந்து குழாயை அடைக்கும்; உரிந்ததை வெளியே எடுப்பது துருவை எடுப்பதைவிடக் கடினம். தகடு உறுதியாக இருந்தால் பூச்சே தேவையில்லை என்பது என் கருத்து. துருவே அடைத்துக்கொண்டிருந்த பொத்தல்கள் சுத்தம் செய்தபின் வெளிப்படுவதும் உண்டு. அவற்றை வீட்டில் வெல்டிங் வைக்கத் துணியவே கூடாது.

ஏனென்றால் பெட்ரோல் நிறைந்த டாங்கியைவிடக் காலியான டாங்கியே ஆபத்தானது. அதிலுள்ள ஆவி காற்றோடு கலந்து வெடிக்கும் நிலையில் இருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானதால், தரையோடு தவழ்ந்து சென்று சமையலறை அடுப்பையோ பூஜையறை விளக்கையோ எட்டிவிடும். இந்த வேலையை வீட்டிலிருந்து விலகிய திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டுச் செய்வதே முறை. வடித்த பழைய பெட்ரோலை வீட்டு வாசல் கால்வாயில் கொட்டுவதையும் நாம் விட்டாக வேண்டும். ஜார்ஜ்டவுன் கால்வாய்களில் விழுவது பினாங்கு ஆற்றுக்கும் அதன்வழிக் கடலுக்கும் போய்ச் சேருகிறது. கழிவெண்ணெய் சேகரிக்கும் பட்டறைகளிடம் கேட்டு, அதையும் வாங்கிக்கொள்வார்களா என்று விசாரித்து ஒப்படைக்கலாம்.

பட்டறை நடத்தும் நம் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆசிட் ஊற்றி ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துக் கொடுப்பதற்குப் பதிலாக, டாங்கியை ஒரு நாள் வைத்திருக்க வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லி, அதற்குரிய கூலியைக் கேட்டு வாங்குங்கள். காரணத்தை விளக்கினால் கொடுப்பவர்கள் கொடுக்கவே செய்வார்கள். பல பழைய வண்டிகளுக்குப் புது டாங்கி எளிதில் கிடைப்பதில்லை. கிடைக்கும் போலிகளின் தகடு மெலிதாக இருப்பதும் உண்டு. தங்கள் நாளிதழும் வாகனப் பராமரிப்புக்கென வாரந்தோறும் ஒரு பகுதி ஒதுக்கி, அனுபவமுள்ள மெக்கானிக்குகளை எழுத அழைக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஜெலுத்தோங், பினாங்கு.