தான்சானியாவின் தார் எஸ் சலாமிலிருந்து கயலுக்கு

அன்புள்ள கயல்,

நேற்று ராத்திரி நீ கோபத்தில் போனை வைத்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. அப்பா வாய் தவறிச் சொல்லிவிட்டார். ஆமாம், போன மாதம் எனக்கு மலேரியா வந்தது. உன்னிடம் மறைத்தது தப்புதான். அப்பா ம்துவாராவில், இங்கேயிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். நீ கோயம்புத்தூரில். சொன்னால் நீ தூங்க மாட்டாய் என்றுதான் சொல்லவில்லை. இனிமேல் மறைக்க மாட்டேன். "தனியாக அங்கே என்னதான் பண்ணுகிறாய், பேசாமல் பண்ருட்டிக்கே போய்விடு" என்றாயே, அதனால் நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

அக்டோபர் பிறந்துவிட்டால் அப்பா வீட்டில் தங்க மாட்டார், உனக்கே தெரியும். முந்திரிக்கொட்டை ஏலம் தொடங்கிவிடும். கூட்டுறவுச் சங்கங்கள் மூட்டை மூட்டையாகக் கிடங்குக்குக் கொண்டுவரும். ஏலம் எடுத்து, தூத்துக்குடிக்கும் கொல்லத்துக்கும் கப்பலேற்றி அவர் நிமிர்வதற்குள் தை பிறந்துவிடும். உன் ஆயா கையில் முந்திரிப் பால் பட்டுக் கறுத்துப்போயிருக்குமே, அவர் உடைத்த கொட்டையில் இந்த ஊர்க் கொட்டையும் கலந்திருக்கும் என்று இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது.

அன்றைக்கு ராத்திரி நல்ல மழை. வூலி என்று சொல்வார்கள், நம் ஐப்பசி கார்த்திகை மழை மாதிரி. பத்து மணிக்கு மேல் குளிர் தூக்கிப் போட்டது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட்டும் போனது. இங்கே கரண்ட்டுக்கு முன்பணம். லூக்கு என்பார்கள். போனில் பணம் கட்டினால் 20 இலக்க எண் ஒன்று வரும், அதை மீட்டரில் அழுத்த வேண்டும். பணம் கட்டிவிட்டேன், எண்ணும் வந்தது. ஆனால் நாலு எண்ணை அழுத்துவதற்குள் கண் இருட்டியது. மூன்று தடவை தப்பாகப் போட்டேன். அப்புறம் அப்படியே இருட்டில் படுத்துக்கொண்டேன். கயல், அந்த ஒரு ராத்திரி நான் பயந்தது உண்மை.

காலையில் வாசலில் "ஹோதி! ஹோதி, மாமா கயல்!" என்று குரல். மாமா என்றால் இங்கே அம்மா. இங்கே யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். ஹோதி என்று குரல் கொடுப்பார்கள், உள்ளேயிருந்து கரிபு, வாங்க, என்று சொன்னால்தான் வருவார்கள். எனக்குக் கரிபு சொல்லக்கூடக் குரல் எழும்பவில்லை. தெருமுனையில் விடும்புவா என்கிற பலகாரம் சுட்டு விற்கிற அம்மாதான் அது. தினமும் ஏழு மணிக்கு நான் போய் நாலு வாங்குவேன். அன்றைக்குக் காணவில்லை என்றதும் காவல்காரரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "போலே, மாமா கயல், போலே சானா" என்றார். அடுத்தவர் கஷ்டத்துக்கு வருந்திச் சொல்கிற சொல் அது. கால் இடறினாலும், சாவு வீட்டிலும், வேலை முடித்துக் களைத்து வந்தாலும் இந்த போலேதான். இவ்வளவுக்கும் ஒரே வார்த்தையாக நம்மிடம் ஒன்று இருக்கிறதா என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன்.

பஜாஜி பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். நம்மூர் ஆட்டோதான், கம்பெனிப் பெயரே இங்கே வண்டிக்குப் பெயராகிவிட்டது. விரலில் குத்திப் பார்த்துக் கொஞ்ச நேரத்தில் மலேரியா என்று சொல்லிவிட்டார்கள். வேளைக்கு 4, காலையும் மாலையும், மூன்று நாளைக்கு 24 மாத்திரை. வெறும் வயிற்றில் போடக்கூடாது, கொஞ்சம் கொழுப்போடு சாப்பிட்டால்தான் மருந்து உடம்பில் சேரும் என்றார் நர்ஸ். விடும்புவா அம்மா மூன்று நாளும் தேங்காய்ப்பால் விட்டு அரிசிக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தார். உஜி என்பார்கள். வியாபாரத்தை மகளிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார். மீட்டரில் அந்த 20 எண்ணையும் அழுத்தியது அந்த மகள்தான்.

இங்கே பிள்ளை பெயரைச் சேர்த்துத்தான் தாயைக் கூப்பிடுவார்கள். வந்த புதிதில் என் பெயரைக் கேட்கவில்லை, "பிள்ளைகள் உண்டா, மூத்தது பெயர் என்ன" என்றுதான் கேட்டார்கள். என் சொந்தப் பெயர் இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. கீரைக்காரர், தண்ணீர் கேன் போடுகிற பையன், காவல்காரர், எல்லாருக்கும் நான் மாமா கயல்தான். உன்னைப் பார்த்தே இராத ஊரில் விடிந்தது முதல் உன் பெயர்தான் காதில் விழுகிறது. இதை எப்படி நான் தனிமை என்று சொல்வேன்?

எல்லாமே சுகம் என்று சொல்லமாட்டேன். வீட்டுக்காரர் ஆறு மாத வாடகையை மொத்தமாக முன்னாலேயே வாங்கிக்கொண்டார். கரியாக்கூ சந்தையில் என் முகத்தைப் பார்த்ததும் விலை ஏறும். கிசுத்துப் பக்கம் கோயிலுக்குப் போனால் குஜராத்தியில் பேசுகிறார்கள். கடைக்காரருக்கு நான் முஹிந்தி, இந்தியாக்காரி. அந்த இந்தியர்களுக்கு நான் மதராஸி. முதல் வருஷம் இது ரொம்பவே உறுத்தியது.

மணிக் கணக்கும் அப்படித்தான். குழாய் ரிப்பேர்காரர் சா ன்னே, நாலு மணிக்கு வருகிறேன் என்றார். நான் சந்தைக்குப் போய்விட்டு மதியம் வந்தால், வந்து பார்த்துத் திரும்பிவிட்டாராம். பொழுது விடிந்ததிலிருந்து எண்ணுகிறார்கள், அவருடைய நாலு நமக்குப் பத்து. நம் தாத்தாக்கள் நாழிகை பார்த்ததும் சூரிய உதயத்திலிருந்துதானே!

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் என்னைக் கண்டால் "ஷிகமோ" என்பார்கள். பெரியவர்களின் பாதத்தைத் தொட்டு வணங்குகிறேன் என்று அர்த்தமாம். "மரஹபா" என்று நான் பதில் சொல்லவேண்டும். ஒரு பிள்ளைகூடச் சொல்லாமல் தாண்டாது. அதைக் கேட்கத்தான் அந்த நேரம் வாசலில் உட்காருகிறேன்.

இப்போது உடம்பு நன்றாக இருக்கிறது. கொசுவலை இல்லாமல் படுப்பதில்லை. அடுத்த தடவை காய்ச்சல் வந்தால் முதல் போன் உனக்குத்தான்.

ஒரு வேலை செய், கண்ணு. விடும்புவா என்பது நம் பணியாரம்தான். அரிசியை ஊறப்போட்டு, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்து, அதே மாதிரிக் குழியில் ஊற்றிக் குச்சியால் திருப்பிப் போடுவார்கள். அந்த அம்மாவின் சட்டி அடி தேய்ந்து ஓட்டை விழும் நிலையில் இருக்கிறது. என் கல்லை ஒருநாள் கையில் வாங்கி, கனம் பார்த்து, குழிக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பாவோடு வேலை பார்ப்பவர் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார். அவர் திரும்பும்போது 12 குழி உள்ள வார்ப்புக்கல் ஒன்று கொடுத்தனுப்பு. வாங்கிய கையோடு அனுப்பிவிடாதே. கஞ்சித்தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, வெங்காயம் தேய்த்து நன்றாகப் பழக்கி அனுப்பு. அதையெல்லாம் சொல்லிக் கொடுக்கும் அளவுக்கு எனக்கு இன்னும் சுவாஹிலி வரவில்லை.

அன்புடன்,
அம்மா